முப்பத்தைந்து டொலர் போர்ட்டும் உரும்பிராய்க் கிணறும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், என்னிடம் இருந்த ஒரேயொரு நாலு ஜிபி ராஸ்பெரி பை 4, உள்ளங்கை அளவான சின்னக் கொம்பியூட்டர் போர்ட், செத்துப்போனது.

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் ஏழு பிள்ளைகள் வருவார்கள். கிழமை நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை வகுப்பு அதற்கு வெளியே, காசு வாங்காத வகுப்பு. பரீட்சைக்கு வராத விஷயங்களைத்தான் அங்கே செய்வோம். அன்றைக்கு ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் வெப்பநிலை சென்சர் ஒன்றைப் போர்ட்டில் பொருத்திக்கொண்டிருந்தான். ராஸ்பெரி பையை வைத்து வேலை செய்தவர்களுக்குத் தெரியும், நாற்பது பின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். மூலையில் இருக்கிற முதலாம் பின்னில் 3.3 வோல்ட் வரும். அதற்குப் பக்கத்தில், 2.54 மில்லிமீற்றர் தள்ளி, இரண்டாம் பின்னில் 5 வோல்ட். அவன் வயரை முதலாம் பின்னில் குத்தப் போனபோது நுனி வழுக்கி இரண்டையும் தொட்டுவிட்டது.

சத்தம் இல்லை, புகை இல்லை. திரை மட்டும் கறுத்தது.

"ரீச்சர், பச்சை லைற் வரேல்லை."

சிவப்பு லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. பச்சை லைற் அசையவில்லை. கரண்ட் வயர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கறுப்புச் சதுரம் இருக்கும், போர்ட்டுக்கு வேண்டிய மின்னழுத்தங்களைப் பிரித்துக் கொடுக்கிற சிப் அது. விரலை வைத்தேன், சுட்டது. கழற்றி அரை மணித்தியாலம் ஆறவிட்டு, வேறு சார்ஜர், வேறு எஸ்டி காட் எல்லாம் போட்டுப் பார்த்தேன். இனி வராது என்று எனக்கு அந்தச் சூட்டிலேயே தெரிந்திருந்தது.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான். வகுப்பு முடியும் வரைக்கும் ஒன்றையும் தொடவில்லை. மற்றப் பிள்ளைகளும் அன்றைக்கு ஒரு வயரைக்கூடத் தாங்களாக எடுக்கவில்லை. "ரீச்சர் இதைப் பிடிக்கலாமா, இதைக் குத்தலாமா" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார்கள்.

அடுத்த நாள் காலமை அவனுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து படலையில் நின்றார். மேசன் வேலை செய்கிறவர். "எவ்வளவு எண்டு சொல்லுங்கோ ரீச்சர், மாதம் மாதம் தாறன்" என்றார். பழைய சாமான், அதை விடுங்கோ, பிள்ளையை மட்டும் அனுப்புங்கோ என்று சொல்லி அனுப்பினேன். அந்தத் தொகையை அவருக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதல் முதல் ராஸ்பெரி பையைக் கையில் எடுத்தது 2016 ஆவணியில், நல்லூர்த் திருவிழா நேரம். லண்டனில் இருக்கிற மச்சாள் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தாள். ராஸ்பெரி பை 3. விலை 35 டொலர். அப்போது ஒரு டொலர் 145 ரூபா அளவில் இருந்தது, ஆகவே ஐயாயிரத்துக்கு மேலே கொஞ்சம். என் சம்பளத்தில் அது சும்மா போகிற காசு இல்லை. ஆனால் உடைந்தால் அழுகிற காசும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம்தான் அந்தப் போர்ட்டின் பெரிய குணம் என்று நான் நினைக்கிறேன்.

35 என்ற எண் தற்செயலாக வந்ததும் இல்லை. 2012 பெப்ரவரி 29 அன்று முதல் மொடல் பி வந்தபோது அதுதான் விலை. 2016 இல் அதைவிடப் பல மடங்கு வேகமான பை 3 வந்தபோதும் அதே விலை. 2019 இல் பை 4 வந்தபோது அதன் ஒரு ஜிபி போர்ட்டுக்கும் அதே விலை. 2015 இல் ஐந்து டொலருக்கு பை ஸீரோ வந்து, அவர்களுடைய சஞ்சிகையின் அட்டையில் ஒட்டி இனாமாகவே கொடுத்தார்கள். கொம்பியூட்டர் ஒன்றை சஞ்சிகையோடு இனாமாகக் கொடுக்கிற காலம் வந்துவிட்டது என்று அன்றைக்கு நான் வகுப்பில் எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன் என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதல் தடவை விலை ஏறியது 2021 ஒக்டோபரில். இரண்டு ஜிபி பை 4, 35 இலிருந்து 45 டொலர் ஆனது. பிறகு இரண்டு வருடம் காசு இருந்தாலும் சாமான் இல்லை. 2023 இல் பை 5 வந்தபோது நாலு ஜிபி 60, எட்டு ஜிபி 80 டொலர். சரி, வேகத்துக்கு ஏற்ற விலை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2025 தொடக்கத்தில் வந்த பதினாறு ஜிபி 120 டொலர். அந்த வருடம் டிசம்பரில் ஒரு ஏற்றம், இரண்டு மாதம் கழித்து 2026 பெப்ரவரியில் இன்னொரு ஏற்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாலு ஜிபி பை 5 இன் விலை அந்தப் பெப்ரவரியில் 85 டொலர் ஆனது, எட்டு ஜிபி 125, பதினாறு ஜிபி 205.

பிள்ளைகள் இதற்குக் காரணம் கேட்டார்கள். செத்த போர்ட்டையே எடுத்து மேசையில் வைத்துக் காட்டினேன். நடுவில் உலோக மூடி போட்டது மூளை. அதற்குப் பக்கத்தில் கறுப்பாக, சதுரமாக ஒட்டிக்கொண்டிருப்பது ரேம், போர்ட் வேலை செய்கிறபோது பாவிக்கிற நினைவகம். ஜிபி என்று சொல்வது அதன் அளவைத்தான். பிறகு பெப்ரவரி ஏற்றத்தைப் பலகையில் எழுதினேன். ஒரு ஜிபி போர்ட்டுக்கு ஏற்றம் இல்லை. இரண்டு ஜிபிக்கு 10 டொலர், நாலுக்கு 15, எட்டுக்கு 30, பதினாறுக்கு 60. எந்தச் சாமானின் விலை ஏறியிருக்கிறது என்று கேட்டேன். ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி உடனே அந்தக் கறுப்புச் சதுரத்தில் விரலை வைத்தாள்.

உலகத்தில் விற்கிற ரேமில் பெரும் பங்கைச் செய்வது மூன்று கம்பனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுக்கு என்று கட்டுகிற பெரிய தரவு நிலையங்கள், எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்தைக் கேட்கிற விலைக்கு வாங்குகின்றன. அந்த நினைவகத்துக்குச் சிலிக்கனும் சாதாரண ரேமை விடக் கனக்க வேண்டும். இரண்டுக்கும் தொழிற்சாலை அதேதான், அதில் எதைச் செய்தால் கூடக் காசு வருமோ அதைத்தான் செய்வார்கள். மைக்ரோன் 2025 டிசம்பரில், எங்களைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற குறூஷியல் ரேம் வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. பை 4, பை 5 போர்ட்டில் இருக்கிற எல்பிடிடிஆர்4 வகை ரேம் இந்த இழுபறியில் மாட்டிக்கொண்டது. பை 3, பை ஸீரோ வரிசையில் இருப்பது அதற்கு முந்திய எல்பிடிடிஆர்2. அது பல வருடத்துக்குப் போதுமான அளவு அவர்கள் கையில் இருக்கிறதால் அந்த விலைகளில் கை வைக்கவில்லை.

இதெல்லாம் டொலர்க் கணக்கு. எங்கள் கணக்கு வேறு. 2022 மாசியில் 200 ரூபாவாக இருந்த டொலர், சித்திரை வைகாசிக்குள் 360 வரைக்கும் போனது எல்லாருக்கும் தெரியும். இப்போது 300 ஐத் தாண்டி நிற்கிறது. 2024 தையில் இருந்து வற் வரி 18 வீதம். அந்த 125 டொலரை 310 ரூபாப்படி பெருக்கினால் எட்டு ஜிபி போர்ட், வரிக்கு முதலே 38,750. அதற்குமேல் பை 5 ஐ முழுப் பலத்தோடு ஓட்ட 5 வோல்ட் 5 அம்பியர் தருகிற சார்ஜர் வேண்டும், சூட்டுக்கு விசிறி வேண்டும், காட் வேண்டும், பெட்டி வேண்டும். பிறகு கொழும்புக் கடையின் லாபம், இரவு பஸ்ஸில் வருகிற பார்சலுக்குக் கூலி. 2016 இல் மச்சாள் கைப்பையில் கொண்டுவந்த சாமானோடு இதைச் சேர்த்துப் பார்க்கவே மனம் வருகுதில்லை.

காசை விட என்னை வருத்தியது அந்தப் பிள்ளை கையைத் தொடைக்குக் கீழே வைத்த விதம். அது எனக்குத் தெரிந்த இருப்பு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போரினால் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலம். அப்பா சைக்கிளை விறாந்தையில் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு சேர்த்துவிட்டு, நாலு டயோட்டு போட்டு றேடியோவுக்கு வயர் இழுத்திருந்தார். கையால் பெடலைச் சுற்றுகிறது என் வேலை. மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிக்கிறவரின் குரல் தேய்ந்து இறங்கும், அப்பா திரும்பிப் பார்ப்பார். வேகமாகச் சுற்றினால் "பிள்ளை, றேடியோ எரியப்போகுது" என்பார். டயோட்டுக்குள் என்ன நடக்கிறது, றேடியோவின் பின் மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு உயிர் போகிற ஆசை. தொடவிட மாட்டார். அவரில் பிழை இல்லை. வீட்டில் இருந்த ஒரே றேடியோ அது, அது போனால் வேறு வாங்க வழியில்லை. நானும் அந்தப் பிள்ளை மாதிரித்தான் கையை மடக்கிக்கொண்டு இருந்தேன்.

பிறகொரு நாள், சித்தப்பா வீட்டில் கிடந்த பழுதான றேடியோ ஒன்றை அப்பா கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "இது பழுது. நீ என்னவும் செய்." ஸ்பீக்கர் காந்தம், சின்னச் செம்புக்கம்பிச் சுருள்கள், அலைவரிசை மாற்றுகிற தட்டுகள் எல்லாம் அன்றைக்கு இரவு எங்கள் பாயில் பரவிக் கிடந்தன. எனக்கு இந்தத் தொழிலில் விருப்பம் வந்தது அந்த இரவில்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போர்ட் செத்த பிறகு, இதுவரைக்கும் ராஸ்பெரி பையில் என்னென்ன செய்தோம் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தேன். லைற் மினுக்குவது, மோட்டார் சுற்றுவது, மண் ஈரம் அளப்பது, மழை அளப்பது, கிணற்று நீர் மட்டம் பார்ப்பது, பைதன் என்ற நிரல் மொழியில் எழுதிப் பழகுவது, ஒரு சின்ன இணையத்தளம் ஓட்டுவது. இவ்வளவுதான். இதில் ஒன்றுக்குக்கூட எட்டு ஜிபி வேண்டாம். முக்கால்வாசிக்கு லினக்ஸ் என்ற முழு இயங்குதளமே வேண்டாம். 35 டொலருக்குக் கிடைத்தது என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே செய்து பழகிவிட்டோம்.

கிணற்றுக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உரும்பிராயில் மாமாவுக்குச் செம்மண் தோட்டக் காணி இருக்கிறது, வெங்காயமும் மரவள்ளியும் வைக்கிறவர். கோடையில் மிசின் போட்டு இறைக்கும்போது கிணற்று நீர் எவ்வளவு இறங்குகிறது, இரவுக்குள் எவ்வளவு ஊறுகிறது என்று அவருக்கு அறிய வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைநீரை நம்பி இருப்பவை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே ஏறும். மாமாவின் ஒழுங்கையிலேயே இரண்டு கிணறு அப்படிப் போனது. அதனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

2018 இல் அந்த மச்சாள் தந்த பை 3 ஐத்தான் மிசின் அறையில் வைத்தேன். மூன்று வருடம் வேலை செய்தது. ஆனால் கரண்ட் திடீரென்று போய் வருகிற ஒவ்வொரு தடவையும் எஸ்டி காட்டில் இருந்த கோப்புகள் பழுதாகிவிடும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் வேலை முழுதாக நின்றது. கடைசியில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை இரண்டு, சூட்டுக்குப் பக்கமாகப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. முட்டையைக் கவனமாக எடுத்து வேலியோரம் வைத்துவிட்டுப் போர்ட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இந்த முறை அதே வேலைக்கு இஎஸ்பி32 போட்டோம். ஷாங்ஹாயில் இருக்கிற எஸ்பிரசிஃப் என்ற கம்பனியின் சிப், 2016 இல் வந்தது. வைபை உள்ளேயே இருக்கிறது. நான் கொடுத்த விலை 1,650 ரூபா. இதன் நினைவகம் 520 கிலோபைற், அதுவும் அதே சிலிக்கனுக்குள்ளேயே இருக்கிறது. தனி ரேம் சிப் இல்லை. தரவு நிலையங்கள் எவ்வளவு நினைவகத்தை வாங்கிக் குவித்தாலும் இதன் விலை துள்ளாததற்கு அதுதான் காரணம். கரண்ட் போனால் நிற்கும், வந்தால் உடனே எழும்பித் தன் நிரலைத் திரும்ப ஓட்டத் தொடங்கும். பழுதாக எஸ்டி காட் என்று ஒன்று அதில் இல்லை.

சென்சர், ஒலி எழுப்பி எதிரொலி வருகிற நேரத்தை அளக்கிற வகை, தண்ணீர் பட்டாலும் பழுதாகாதது. மோட்டார் காரின் பின் பம்பரில் பார்த்திருப்பீர்கள், அதே மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அதன் பதில் வயரில் 5 வோல்ட் வரும், இஎஸ்பி32 இன் பின் 3.3 தான் தாங்கும். நடுவில் ஆயிரம் ஓம் ஒன்றும் இரண்டாயிரம் ஓம் ஒன்றும் போட்டால் ஐந்து 3.33 ஆக இறங்கும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே செய்வித்தேன். போர்ட் செத்த கிழமைக்குப் பிறகு எந்தப் பாடத்தையும் அவர்கள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முதல் நாள் வந்த அளவு பிழை. மிசின் போட்டு ஒரு மணித்தியாலம் இறைத்தும் 1 மீற்றர் 42 சென்ரிமீற்றர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. மாமா கிணற்றுக் கட்டில் குந்தியிருந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உது தண்ணியப் பாக்கேல்லை. அந்தக் கல்லைப் பாக்குது" என்றார். சுவரில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. நான் சென்சரைக் கட்டோடு ஒட்டி வைத்திருந்தேன். அதன் ஒலி விரிந்து போகிறது, பக்கத்தில் எது இருந்தாலும் அதில் பட்டுத் திரும்பிவிடும். துலா மரம் போல ஒரு நீட்டுத் தடியைக் குறுக்கே போட்டு, நடுக் கிணற்றில் ஒரு பிவிசி குழாயைத் தொங்கவிட்டு, அதன் அடியில் சென்சரைக் கட்டி இரண்டு மீற்றர் கீழே இறக்கினோம். சென்சருக்கு நாலு மீற்றருக்கு அங்கால் நம்பிக்கையாகத் தெரியாது, ஆகவே கோடைக்கு எப்படியும் இறக்கத்தான் வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்த அளவை மாமா வாளிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு ஒத்துப் பார்த்தார். இரண்டு விரல் வித்தியாசம். "போதும்" என்றார்.

அளவுகளை வாங்கி எழுதி வைக்கிற வேலைக்கு, கண்ணாடி வெடித்த ஒரு பழைய ஆண்ட்ரொய்ட் போன். டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் போனுக்குள் ஒரு சின்ன லினக்ஸ் சூழல் கிடைக்கும், பைதன் ஓடும். போனுக்குச் சொந்தப் பற்றரி இருக்கிறதால் கரண்ட் வெட்டு அதற்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், எந்நேரமும் சார்ஜரில் கிடக்கிற பழைய போனின் பற்றரி ஊதும். மாமிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், முதுகு கொஞ்சம் வீங்கினாலும் உடனே கழற்றி வெளியே வைக்கச் சொல்லி.

வகுப்புக்கு வேறு வழி வேண்டியிருந்தது. பைதன் எழுதத் திரையும் விசைப்பலகையும் உள்ள கொம்பியூட்டர் வேண்டும், வயர் குத்தப் பின்களும் வேண்டும். இரண்டையும் ஒரே போர்ட்டில் தேடாமல் பிரித்துவிட்டேன்.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கொம்பியூட்டர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை மெசின்களை அலுவலகங்கள் கழிக்கின்றன. டெல், லெனோவோ, எச்பி மூன்றும் செய்த, ஒரு தடித்த புத்தகம் அளவான குட்டி மெசின்கள் அதில் உண்டு. லினக்ஸுக்கு அவை இன்னும் பத்து வருடம் போகும். ஆறாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி, எஸ்எஸ்டியோடு 28,000 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். சார்ஜரும் பெட்டியும் அதற்குள் அடக்கம். புது எட்டு ஜிபி பையின் வெறும் போர்ட் விலைக்கும் குறைவு, வேகம் அதற்குக் குறையாது. வாங்குகிறவர்கள் மூடியைக் கழற்றி ரேம் உள்ளே இருக்கிறதா, எவ்வளவு என்று கண்ணால் பாருங்கள். ரேம் விலை ஏறியதில் அதைக் கழற்றித் தனியாக விற்கவும் தொடங்கிவிட்டார்கள். நாள் முழுக்க விட்டு வைக்கிற வேலைக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போதே பத்து வற் அளவில் கரண்ட் குடித்தால் மாதத்துக்கு ஏழு யூனிற். வகுப்பு முடிய நிறுத்துகிற எங்களுக்கு அது பிரச்சினை இல்லை.

பின்களுக்கு ராஸ்பெரி பை பிக்கோ. 2021 இல் நாலு டொலருக்கு வந்தது, அதிலும் தனி ரேம் இல்லை, 264 கிலோபைற் சிப்புக்குள்ளேயே. யூஎஸ்பி வயரால் குட்டி மெசினில் குத்தி, தோனி என்ற எழுதுபலகையைத் திறந்தால், பிள்ளை எழுதுகிற பைதன் வரி நேரே பிக்கோவில் ஓடும். பெரிய பையில் இல்லாத ஒன்றும் இதில் இருக்கிறது: ஏறி இறங்குகிற மின்னழுத்தத்தை நேரடியாக அளக்க மூன்று பின்கள். மண் ஈரம் பார்க்கிற சென்சரை முன்பு பெரிய பையில் மாட்ட இன்னொரு சிப் வாங்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு வயர். மெசினுக்கும் பிக்கோவுக்கும் நடுவில் மலிவான யூஎஸ்பி ஹப் ஒன்று வைத்திருக்கிறேன், எங்கேயாவது வயர் முட்டினால் அடி முதலில் ஹப்பில் விழட்டும் என்று.

ஒரேஞ்ச் பை, பனானா பை, ராட்க்ஸா என்று எத்தனையோ போர்ட் இருக்கிறதே, அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். தனக்கென்று ஒன்றை வைத்து நோண்ட விரும்புகிறவர் தாராளமாக வாங்கலாம். அவற்றிலும் இருப்பது பெரும்பாலும் அதே வகை ரேம்தான், அந்த விலையேற்றம் அவற்றையும் விட்டுவைக்காது. வகுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு முறை அப்படி ஒரு போர்ட் வாங்கினேன், எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமில்லை. அதற்கென்று தந்த லினக்ஸ் ஒரு பழைய கேர்னலோடு, அதாவது லினக்ஸின் பழைய உட்கருவோடு, நின்றுவிட்டது. வைபை வேலை செய்ய மூன்று இரவு போனது. எனக்கு அது படிப்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது, இது என்னால் முடியாது என்று மூடி வைக்கிற காரணம். ராஸ்பெரி பையின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. 2012 இல் வந்த முதல் போர்ட்டுக்குக்கூட இன்றைக்கும் அவர்களின் இயங்குதளம் கிடைக்கிறது. பிழைச் செய்தியைத் தேடினால் யாரோ ஒருவர் அதே பிழையைத் தீர்த்து எழுதி வைத்திருப்பார். பை 5 இல் பின்களைக் கையாளுகிற சிப் மாறியதால் பின்களை இயக்க முன்பு பாவித்த ஆர்பிஐ ஜிபிஐஓ என்ற தொகுப்பை நம்பி எழுதிய பழைய நிரல்கள் ஓடாது என்பது உண்மை, ஆனால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

பை ஸீரோ 2 டபிள்யூ 2021 இல் 15 டொலருக்கு வந்தது. கையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். 512 எம்பி தான், ஆனால் முழு லினக்ஸ், வைபை, நாற்பது பின்னுக்கான துளைகளும் உண்டு. கொழும்பில் இரண்டு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு ஜிபி பை 5 ஐ 2025 டிசம்பரில் 45 டொலருக்கு விட்டார்கள், அதையும் நான் குறைத்து மதிக்கவில்லை. படிக்கிற வேலைக்கு ஒரு ஜிபி போதும். பதினாறு ஜிபி வாங்கி வீட்டில் செயற்கை நுண்ணறிவு ஓட்டப் போகிறேன் என்று என்னிடம் யோசனை கேட்ட பழைய மாணவனுக்கு, அந்தக் காசுக்குப் பழைய மெசினை வாங்கி மிச்சத்தைப் பத்திரப்படுத்து என்று சொன்னேன்.

இவ்வளவு மாற்று வழி சொல்லியும் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. 2019 இல் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்த ஒரு பிள்ளையின் வீட்டில் கொம்பியூட்டர் இல்லை, பழைய தட்டைத் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. வகுப்பில் இருந்த இன்னொரு பை 3 ஐயும் ஒரு விசைப்பலகையையும் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். தொலைக்காட்சியில் குத்தி, இரவு நாடகம் முடிந்த பிறகு, அம்மா நித்திரை கொள்கிற அறையில் சத்தமில்லாமல் பைதன் எழுதினாள். நாலு மாதம் வைத்திருந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். அந்தப் பொலித்தீன் பையை நான் கொடுத்தபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 28,000 ரூபா மெசினை அப்படி யோசிக்காமல் கொடுத்துவிட என்னால் முடியுமா? பிள்ளையின் வீட்டார்தான் அதைப் பயமில்லாமல் வாங்குவார்களா? பிக்கோவைக் கொடுத்துவிடலாம், ஆனால் அதைக் குத்த வீட்டில் ஒரு கொம்பியூட்டர் வேண்டுமே. தொலைக்காட்சியைக் கொம்பியூட்டர் ஆக்குகிற மலிவான சாமான் என்று ஒன்று இருந்தது, அது எங்கள் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால், அலுமாரிக்குள் தூசி பிடித்துக் கிடக்கிற பை 3 ஒன்றை அடுத்த தடவை ஊருக்கு வரும்போது ஒரு பிள்ளைக்குக் கொண்டுவாருங்கள். பை 3 இன்றைக்கும் நல்ல சாமான்.

போர்ட் செத்தபோது வயர் பிடித்திருந்த அந்தப் பிள்ளை இரண்டு சனிக்கிழமை வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை அப்பாவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மேசையின் ஓரத்தில் இருந்தான். நான் பிக்கோப் பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன். உள்ளே ஆறு இருந்தன, ஆறையும் அவன் காணட்டும் என்றே மூடாமல் விட்டேன். ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். பின்களை நானே முதல் நாள் இரவு ஒட்டி வைத்திருந்தேன். செத்த பை 4 ஐயும் ஒரு ஸ்குறூ டிரைவரோடு பக்கத்தில் வைத்தேன். "இது பழுது. நீ என்னவும் செய்."

பை 4 ஐ அவன் உடனே தொடவில்லை. பிக்கோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரீச்சர், இதிலயும் அஞ்சு வோல்ட் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லி மூலையில் இருக்கிற நாற்பதாம் பின்னைக் காட்டினேன். "அப்ப மூண்டு தசம் மூண்டு?" முப்பத்தாறாம் பின். அவன் சுட்டுவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தாறு. பிறகு முப்பத்தாறில் இருந்து திரும்ப நாற்பது வரைக்கும் எண்ணினான். நடுவில் மூன்று பின் இருக்கிறது என்று தனக்குள்ளேயே சொன்னான். அதற்குப் பிறகு, என்னைக் கேட்காமல், பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சிவப்பு வயரை எடுத்தான்.